நாவலில் நடந்த கதையும் மேசையில் நடக்கும் கதையும்: இணை நாவல்களை ஆட்டத்துக்குப் பயன்படுத்தும் முறை

பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, சேர்ந்து கதை நடத்தும் மேசை ஆட்டம். அதற்காக அச்சில் வந்த கற்பனை உலகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, விதிநூலோடும் வரைபடத்தோடும் சேர்ந்து அந்த உலகத்தில் நடப்பதாக எழுதப்பட்ட நாவல்களும் நம் மேசைக்கு வந்துவிடுகின்றன. நாம் அவற்றைத் தேடிப் போகாவிட்டாலும், ஆட வருகிறவர்களில் யாராவது ஒருவர் படித்துவிட்டு வந்திருப்பார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டு 1974-ல் வெளியாயிற்று. நான்கே ஆண்டுகளில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் நடத்திய ஆட்டத்தில் கலந்துகொண்ட ஆண்ட்ரே நார்ட்டன், கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்தை வைத்து ஒரு நாவலை வெளியிட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்த விளையாட்டும் நாவலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததில்லை. இப்படி ஓர் ஆட்டத்தின் உலகத்தைச் சார்ந்து எழுதப்படும் நாவல்களை இங்கே இணை நாவல்கள் என்று குறிப்பிடுகிறேன். ஆட்டத்தை நடத்துபவர், அதாவது கேம் மாஸ்டர், அவற்றை எப்படிப் படிக்க வேண்டும், எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

இதை எழுதத் தூண்டியது என் மேசையில் நேர்ந்த ஒரு தடுமாற்றம். நான் ஆட்டம் நடத்தத் தொடங்கிய புதிதில், பெயர்பெற்ற உலகம் ஒன்றின் துறைமுக நகரத்தில் கதையை ஆரம்பித்தேன். நான்கு பேர் ஆடினார்கள். மூன்றாவது அமர்வில் அவர்களுடைய பாத்திரங்கள் நகரத் தலைவரின் முன் நின்று, தாம் செய்யாத குற்றத்துக்காகச் சிறைக்குப் போகாதிருக்க வாதாடிக்கொண்டிருந்தன. பேசிக்கொண்டிருந்தவர் இயல்பில் கூச்சம் மிகுந்தவர். அன்றுதான் முதல்முறையாகத் தம் பாத்திரமாகவே மாறி, குரல் நடுங்க, பகடையைக்கூட மறந்துவிட்டுப் பேசினார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர், கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமல், "இந்த ஆண்டில் இவர் உயிரோடு இல்லையே, இரண்டாவது நாவலிலேயே இறந்துவிட்டாரே" என்றார். நான் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை. அடுத்த அரைமணி நேரம் எந்த ஆண்டு, எந்த நாவல், யார் இறந்தார் என்ற பேச்சிலேயே கழிந்தது. வாதாடிக்கொண்டிருந்தவர் அன்று மறுபடி வாய் திறக்கவில்லை. குறுக்கிட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். அந்தக் காட்சி பாழானது அதனால்தான்.

இணை நாவல் என்பது அந்த உலகத்தில் ஒருமுறை நடந்து முடிந்த கதை. நம் மேசையில் நடப்பது அதே உலகத்தில் முளைக்கும் இன்னொரு கிளைக்கதை. ஆகவே நாவலிலிருந்து உலகத்தை எடுத்துக்கொண்டு கதையை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம் இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

உங்கள் உலகம் எந்த வகையைச் சேர்ந்தது?

நீங்கள் தேர்ந்தெடுத்த உலகத்தில் நாவலுக்கும் ஆட்டத்துக்கும் என்ன உறவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா உலகங்களிலும் அது ஒன்றுபோல் இருப்பதில்லை.

சில உலகங்களில் நாவலும் ஆட்டமும் ஒரே கதையைச் சொல்கின்றன. டிராகன்லான்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த உலகத்துக்கான முதல் சாகசத் தொகுப்புகளையும் (மேசையில் ஆடுவதற்கென ஆயத்தமாக எழுதப்பட்ட கதைகள்), மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய முதல் நாவலையும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் 1984-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருந்த சாகசங்களைப் பின்பற்றி அந்த நாவல் எழுதப்பட்டது. அப்படி எழுதுவது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்ததாலும், கதை துண்டு துண்டாக நிற்பதாகப் பட்டதாலும், அடுத்த நாவல்களை முதலில் முடித்துவிட்டு அவற்றை ஒட்டிச் சாகசங்கள் எழுதப்படும்படி அவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். ஆட்டத்தை அப்படியே நாவலாக்குவது, இரண்டையும் உருவாக்கியவர்களுக்கே ஒத்துவரவில்லை. நாவலை அப்படியே ஆட்டமாக்குவது நமக்கு மட்டும் ஒத்துவரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வேறு சில உலகங்களில் நாவல்கள் உலகத்தின் காலத்தையே முன்னே நகர்த்துகின்றன. எட் கிரீன்வுட் சிறுவயது முதல் தம் கதைகளுக்காக வளர்த்துவந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 1987-ல் ஆட்ட உலகமாக வெளிவந்தது. அதே ஆண்டில் அதன் நாவல் வரிசையும் தொடங்கியது. அங்கே ஒரு தெய்வம் நாவலில் மடிந்தால், அடுத்து வரும் ஆட்ட நூலிலும் அந்தத் தெய்வம் மடிந்ததாகவே இருக்கும். 1991-ல் வந்த டார்க் சன் உலகத்தில் இது இன்னும் வேகமாக நடந்தது. டிராய் டென்னிங் 1993 வரை எழுதிய ஐந்து நாவல்களின் முடிவில், அந்த வறண்ட உலகத்தை அடக்கி ஆண்ட சூனிய அரசர்கள் சிலரும் எல்லோரும் அஞ்சிய டிராகனும் அழிந்துவிட்டார்கள். 1995-ல் வந்த திருத்திய பதிப்பு அந்த மாற்றங்களை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்டது. ஆட்டக்காரர்கள் செய்யக் காத்திருந்த பெரிய காரியங்களை நாவலின் நாயகர்கள் முந்திக்கொண்டு செய்து முடித்திருந்தார்கள். 2010-ல் வந்த பதிப்பு காலத்தைப் பின்னுக்கு இழுத்து, டைர் நகரத்து அரசன் கலாக் கொல்லப்பட்ட சிறிது காலத்துக்குப் பின் நிறுத்தியது. எடுத்துக்கொண்டதை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த செயலாகவே இதை நான் பார்க்கிறேன்.

மூன்றாவது வகைக்கு எபரான் சான்று. கீத் பேக்கர் உருவாக்கி 2004-ல் வெளிவந்த இந்த உலகத்தில், நாவல்களில் நடப்பவை ஆட்டத்தின் வரலாற்றைக் கட்டுப்படுத்துவதில்லை; அவை நடந்திருக்கக்கூடிய கதைகள் மட்டுமே. முதல் நூலில் அந்த உலகத்தின் நாட்காட்டி 998-ஆம் ஆண்டைக் காட்டியது. 15 ஆண்டுகள் கழித்து 2019-ல் வந்த நூலிலும் அதே 998-தான். புதிதாக ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகை உலகத்தைத்தான்.

ஆட்டத்திலிருந்தே நாவல் பிறப்பதும் உண்டு. ஜப்பானில் 1986 முதல் காம்ப்டீக் என்ற இதழில், ஒரு குழு ஆடிய ஆட்டம் அவர்கள் பேசிய பேச்சோடு தொடராக வெளிவந்தது. அதை நடத்திய ரியோ மிசுனோ 1988-ல் அதே கதையை நாவலாக எழுதத் தொடங்க, லோடாஸ் என்ற தீவு ஜப்பானியக் கற்பனைக் கதைகளில் நிலைத்த இடம் பெற்றது.

உங்கள் உலகம் இவற்றில் எதைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிட்டால், நாவல் படித்த ஆட்டக்காரர் எந்த எதிர்பார்ப்போடு வந்து உட்காருவார் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆண்டைக் குறித்து, எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்

கதை தொடங்கும் ஆண்டை அந்த உலகத்தின் நாட்காட்டிப்படி குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் அமர்வில், பாத்திரங்களை உருவாக்குவதற்கும் முன்னால், கீழ்க்கண்டவாறு சொல்லுங்கள்: "நம் ஆட்டம் இந்த ஆண்டில் தொடங்குகிறது. இதற்கு முன் நடந்ததாக நாவல்கள் சொல்பவை பெரும்பாலும் நடந்திருக்கின்றன. எது நடக்கவில்லை என்பதை அந்தந்த இடம் வரும்போது நான் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின் நடந்ததாக எந்த நாவல் சொன்னாலும், நம் மேசையில் நடக்கும்வரை அது நடக்கவில்லை."

நான் இழந்த அந்தக் காட்சியை இந்த நான்கு வாக்கியங்கள் காப்பாற்றியிருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்தால் இன்னும் நல்லது. பேசியது மறந்துபோகும், தாள் மேசையில் கிடக்கும்.

நாவலைப் படிக்கும் விதம்

இணை நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல்முறை வாசகராகப் படியுங்கள். கையில் பென்சில் வேண்டாம். கதை எங்கே உங்களைப் பிடித்து இழுத்தது, எந்த இடத்தில் அந்த ஊரில் நீங்களே நிற்பதுபோல் இருந்தது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம்முறை, அப்படி நினைவில் தங்கிய பக்கங்களை மட்டும் திருப்பி எடுத்து, பென்சிலோடு படியுங்கள். முழு நாவலையும் குறிப்பெடுத்துக்கொண்டு படிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பரம்பரைப் பட்டியலும் போர் வரிசையும் நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கும். மேசையில் ஒரு கடைத்தெருவை விவரிக்கச் சொன்னால் தயங்குவார்கள்.

இரண்டாம்முறை படிக்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதைக் காட்ட, ஒரு பக்கத்தை மாதிரிக்காக நானே புனைந்து தருகிறேன்.

நாவலின் நாயகி இரவில் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். துரத்துகிறவர்களின் குதிரைச் சத்தம் கேட்கிறது. கிழப் படகோட்டி அவளிடம் இரண்டு காசு வாங்கி, ஒன்றை மடியில் முடிந்துகொண்டு மற்றதை ஆற்றில் போட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறார். அவள் அவசரப்படுத்தும்போது, "ஆற்றுக்குக் கொடுக்காமல் போனவன் திரும்பி வந்ததில்லை அம்மா" என்கிறார். நடு ஆற்றில், காரணம் சொல்லாமல், விளக்கை அணைக்கச் சொல்கிறார். அக்கரையில் அவளை இறக்கிவிட்டதும், பின்னால் வந்தவர்களை ஏற்றிக்கொள்ள அதே படகைத் திருப்புகிறார். அவர்களும் காசு கொடுப்பார்கள் அல்லவா?

நாவலைப் பொறுத்தவரை நாயகி தப்பினாளா என்பதே இந்தப் பக்கத்தின் கேள்வி. நமக்கு அந்த நாயகியும் வேண்டாம், குதிரைகளும் வேண்டாம். ஆற்றுக்குக் காசு போடும் வழக்கம், நடு ஆற்றில் அணைக்கப்படும் விளக்கு, யாருக்கும் பக்கம் சாயாத படகோட்டி ஆகிய மூன்றும் போதும். இவற்றை ஓர் அட்டையில் இப்படி எழுதிக்கொள்வேன்: "ஆற்றுத்துறை. படகுக் கூலி இரண்டு காசு; ஒன்று ஆற்றுக்கு. நடுவில் வெளிச்சம் கூடாது. ஏன் என்று படகோட்டி சொல்ல மாட்டார். காசு கொடுத்தவர் எவரானாலும் ஏற்றுவார். அவர் சொல்லும் சொல்: ஆற்றுக்குக் கொடுக்காமல் போனவன் திரும்பி வந்ததில்லை." ஒரு பக்கத்துக்கு ஓர் அட்டை, ஓர் அட்டையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

இதை மேசையில் வைத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படகோட்டி காசை ஆற்றில் போடுவதை விவரித்துவிட்டு நீங்கள் நிறுத்திக்கொள்கிறீர்கள். திருடன் பாத்திரம் ஆடுபவர், அந்தக் காசு விழுந்த இடத்தின் ஆழத்தைக் கேட்பார். மந்திரவாதி ஆடுபவர், விளக்கை அணைத்த பிறகு தன் மந்திரத்தால் மெல்லிய ஒளி ஒன்றை உண்டாக்கலாமா என்பார். வேறொருவர் படகோட்டிக்கு நான்கு காசு கொடுத்து, பின்னால் வருகிறவர்களை ஏற்றாமல் இருக்கச் சொல்லுவார். இந்த மூன்று கேள்விகளுக்கும் நாவலில் விடை இல்லை. விடையை நீங்களும் ஆட்டக்காரர்களும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் இப்படிக் கேட்க வைக்கிறதோ அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலே விடை சொல்லி முடித்துவிட்ட பக்கம் வாசிப்புக்கு எவ்வளவு சுவையாக இருந்தாலும் ஆட்டத்துக்கு உதவாது.

ஒரு உலகத்தின் சட்டம் ஒரே வரியில் நாவலில் வெளிப்பட்டுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வரி கிடைத்தால் அதைப் பொன்போல் போற்றுங்கள். ஆர்.ஏ. சால்வடோரின் ட்ரிஸ்ட் என்ற பாத்திரம் 1988-ல் வந்த நாவலில் அறிமுகமானது. அவன் பிறந்த நிலத்தடி நகரமான மென்சோபெரான்சனை 1990-ல் வந்த நாவல் விரிவாகக் காட்டியது. அந்த நகரத்தில் ஓர் உயர்குடும்பம் இன்னொரு குடும்பத்தைத் தாக்கி அழிக்கலாம். ஆனால் குற்றம் சாட்டுவதற்கு அழிக்கப்பட்ட குடும்பத்தின் உயர்குலத்தவர் ஒருவர்கூட உயிரோடு மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் தாக்கிய குடும்பத்துக்கே அழிவு. 1992-ல் டி.எஸ்.ஆர். இந்த நகரத்தை வரைபடங்களும் நூல்களும் அடங்கிய ஒரு பெட்டியாக ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது. ஆனால் அந்த ஒரு சட்டம் தெரிந்தாலே பல மாதங்களுக்கு ஆட்டம் நடத்தலாம். தப்பிப் பிழைத்த சிறுவன் ஒருவன் ஆட்டக்காரர்கள் தங்கியிருக்கும் இடத்தின் கதவைத் தட்டுகிறான் என்று தொடங்குங்கள். அவன் உயிரோடு இருப்பது ஒரு குடும்பத்துக்கு மரணம். அவனைக் காப்பவர்களுக்கு அந்தக் குடும்பமே எதிரி. இதில் ட்ரிஸ்டுக்கு வேலையே இல்லை.

நாவலின் சண்டைகளைத் தொடாதீர்கள். எழுத்தாளருக்கு யார் வெல்வார் என்பது எழுத உட்காருமுன்பே தெரியும், பகடைக்குத் தெரியாது. நாவலில் ஒருவன் ஒரே வீச்சில் மூவரை வீழ்த்துவது விதிநூலின்படி நடக்காது, நடக்க வைக்க முயன்றால் விதிகள்தான் வளையும். மந்திரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நாவலின் நாயகர்கள் வந்து நின்றால்

ஒரு உலகத்தின் நாவல் நாயகர்கள் மிகவும் பெயர்பெற்றவர்களாக இருந்தால், மேசையில் இருக்கும் பாத்திரங்கள் அவர்களுடைய நிழலில் மங்கிப்போகும். டார்க் சன்னுக்காக 1991-ல் வந்த சாகசம் ஒன்றில், ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் டைர் நகரத்தில் அடிமைகளாகி, கலாக் கட்டும் படிக்கோபுரத்தில் வேலை செய்கின்றன. நாள்தோறும் படும் துன்பம், உடன் உழைப்பவர்களின் நட்பு, காவலர்களின் கொடுமை எல்லாம் அவர்களுடையவை. இறுதியில் அரங்கத்தில் அரசன் வீழ்த்தப்படும்போது, அதைச் செய்பவர்கள் நாவலின் நாயகர்கள். நம்மவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார்கள். அந்தச் சாகசத்தை நான் மதிக்கிறேன். அடிமை வாழ்வை அது காட்டும் விதம் அருமையானது. அதை நடத்துவதாக இருந்தால், கலாக்கை நோக்கி எறியப்படும் ஈட்டி நம் மேசையிலிருந்து புறப்படும்படி கடைசிக் காட்சியை மாற்றி எழுதுங்கள் என்பேன்.

நம் சரித்திர நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இதற்கு வழி தெரிந்திருக்கும். அவற்றில் பேரரசர்கள் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பார்கள். ஓலை கொண்டு போகிறவனும், வழியில் அவன் சந்திக்கிறவர்களும்தான் கதையை நடத்துவார்கள். அரசர் ஒரு காட்சியில் வருவார், ஒரு வேலையை ஒப்படைப்பார், நோயுற்றோ தொலைவிலோ இருப்பார். இணை நாவலின் நாயகர்களை அந்த அரசர்களின் இடத்தில் வையுங்கள். அவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தொலைவில் இருக்கிறார்கள், அவர்களால் இங்கே வர முடியவில்லை, இங்கே ஆக வேண்டிய காரியம் ஆட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. நாயகர் ஒருவரை நேரில் கொண்டுவந்தே ஆக வேண்டுமானால் ஏதேனும் ஒரு தேவையோடு வரச் செய்யுங்கள்: காய்ச்சலில் கிடக்கிறார், குதிரையை இழந்துவிட்டார், இந்த ஊர் மொழி தெரியாமல் தவிக்கிறார். உதவி கேட்டு வரும் நாயகரை ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கும். உதவி செய்ய வரும் நாயகர் அவர்களுடைய வேலையைப் பறித்துக்கொள்வார்.

ஆட்டக்காரர்களே நாவலின் நாயகர்களாக ஆடும் சாகசங்களும் இருக்கின்றன. டிராகன்லான்ஸ் சாகசங்களில் டானிஸ், ஸ்டர்ம், ரைஸ்ட்லின் போன்ற பாத்திரங்கள் ஆடுவதற்காகவே கொடுக்கப்பட்டன. நாவல் வரிசையின் இரண்டாம் நூலில் ஸ்டர்ம் ஒரு கோட்டை மதிலின்மேல் தனியாக நின்று டிராகனை எதிர்கொண்டு உயிர் விடுகிறான். படித்தவர் எவரும் அந்தப் பக்கங்களை மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் மேசையில் ஸ்டர்மை ஆடுபவர் அந்த மதிலின்மேல் ஏற மறுத்தால் என்ன செய்வீர்கள்? இறங்கி வர விடுங்கள். அவன் இறங்கி வந்ததால் அந்தக் கோட்டையில் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை உண்மையாகக் காட்டுங்கள். அது வேறொரு கதை, அதற்கும் கனம் உண்டு. முக்கியப் பாத்திரம் ஒன்று இடையில் மடிய நேர்ந்தால், உடல் கிடைக்காதபடி அந்தக் காட்சியை முடித்துப் பின்னர் திரும்பி வர இடம் வைக்குமாறு அந்தச் சாகசங்களே அறிவுரை சொல்லின. நாவலின் வரிசையைக் காப்பாற்றுவதற்காக எழுந்த ஏற்பாடு அது. எதிரிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கு அவரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

எல்லாம் படித்தவரும் எதுவும் படிக்காதவரும்

ஒரே மேசையில் இருபது நாவல் படித்தவர் ஒருவரும் ஒன்றும் படிக்காதவர்கள் மூவரும் இருப்பது வழக்கம். படிக்காதவர்களுக்குப் பாடம் கொடுக்க வேண்டாம். அவர்களுடைய பாத்திரம் அந்த உலகத்தில் பிறந்து வளர்ந்ததால் தெரிந்திருக்கக்கூடியதை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் தெரிய வேண்டியதை ஆட்டத்தில் தெரிந்துகொள்ளட்டும்.

படித்தவரை அடக்க நினைக்காதீர்கள். அந்த உலகத்தின்மீது உங்களுக்கு இருப்பதைவிட அவருக்கு அதிக அன்பு இருக்கக்கூடும். ஆட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசி, அவருடைய பாத்திரத்தை நாடோடிப் பாடகராகவோ சுவடி காப்பவராகவோ ஊர் ஊராகப் போகும் வணிகராகவோ வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். அப்போது அவர் அறிந்தது அவருடைய பாத்திரம் அறிந்ததாகிவிடும். "அந்த அரசர் இறந்துவிட்டாரே" என்று அவர் சொன்னால், "அப்படித்தான் உன் பாடல் சொல்கிறது, ஆனால் இதோ, உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்" என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆட்டம் நிற்காது, பாடல் ஏன் பொய்த்தது என்ற புதிய கேள்வியும் கிடைக்கும்.

நாவல் சொன்னதை அந்த உலகத்துக்குள் யாரோ ஒருவர் சொன்னதாகக் கொள்ளும் இந்த உத்திக்கு நாவல்களிலேயே முன்மாதிரி உண்டு. 1991-ல் வெளிவந்த வேம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்துக்காக 1999 முதல் 2000 வரை 13 நாவல்கள் கொண்ட வரிசை ஒன்று வந்தது, ஒவ்வொரு இரத்தக்காட்டேரிக் குலத்துக்கும் ஒரு நாவல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடக்கும் ஒரே போரைத்தான் அவை சொல்கின்றன. ஆனால் சொல்லும் குலம் மாறும்போது நியாயமும் மாறுகிறது. உங்களிடம் ஒரே நாவல்தான் இருக்கிறது என்றாலும், இந்தக் கதையை எதிரியின் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

செய்தியைக் கொண்டுசேர்க்க எனக்குப் பிடித்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1984-ல் அங்கே வெளியான தி டார்க் ஐ என்ற ஆட்டத்தின் அவெஞ்சூரியா உலகத்துக்கு, அந்த உலகத்திலேயே அச்சாவதுபோன்ற செய்தித்தாள் ஒன்று பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. போர், திருமணம், தெய்வக் குற்றம், வணிகர்களின் சண்டை எல்லாம் அதில் செய்திகளாகவே வரும். நீங்களும் நாவலில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை ஐந்தாறு வரிச் செய்தியாக எழுதி, அமர்வின் தொடக்கத்தில் ஒருவர் உரக்கப் படிக்கும்படி செய்யலாம். ஒரு பெயரைத் தவறாக எழுதுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரு வதந்தியைச் சேருங்கள். தொலைவிலிருந்து வரும் செய்தி அப்படித்தான் வந்து சேரும்.

நடுவழியில் புதிய நாவல் வந்தால்

உங்கள் ஆட்டம் ஓராண்டாக நடந்துகொண்டிருக்கும்போது, அந்த உலகத்தையே புரட்டிப்போடும் நாவல் ஒன்று வரலாம். 1989-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிகள் புதிய பதிப்புக்கு மாறியபோது, ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் தெய்வங்கள் மண்ணுக்கு இறங்கி மனிதரிடையே நடமாடியதாக மூன்று நாவல்கள் வந்தன. அந்தக் கலவரத்தில் கொலையாளி வகுப்பினர் (வகுப்பு என்பது விதிநூல் தரும் பாத்திர வகை) அனைவரும் ஒரேயடியாக மடிந்ததாகக் கதை சொல்லிற்று. புதிய விதிநூலில் அந்த வகுப்பும் இல்லை. அதே வகுப்பில் பாத்திரம் வைத்து ஓராண்டு ஆடிவந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2008-ல் மறுபடி பதிப்பு மாறியபோது அந்த உலகத்தின் காலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னே தாவியது. ஆட்டக்காரர்கள் பழகிய மனிதர்களில் பலர் ஒரே தாவலில் மூதாதையராகிவிட்டார்கள்.

இத்தகைய நாவல் வந்தால் உடனே எதையும் மாற்றாதீர்கள். முதலில் ஆட்டக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் விரும்பினால் தொலைவில் நடப்பதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது நாவலில் நடந்ததை இனிமேல் நடக்கக்கூடியதாக, ஒரு குறியாக, ஒரு மூதாட்டி கண்ட கனவாக வைத்து, அதைத் தடுக்கும் வாய்ப்பை அவர்களிடமே கொடுக்கலாம். இந்த இரண்டாவது வழியை நான் இருமுறை செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும், நாவலைப் படித்திருந்தவர்தான் எல்லோரையும்விடத் தீவிரமாக அந்த அழிவைத் தடுக்கப் போராடினார். விருப்பமில்லை என்றால், உங்கள் மேசையில் அந்த நாவல் நடக்கவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம்.

உங்கள் ஆட்டத்தை நீங்களே எழுத நினைத்தால்

நல்ல ஆட்டம் ஒன்று முடிந்ததும் அதை நாவலாக எழுத வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. லோடாஸ் பிறந்ததும் அப்படித்தான். அமர்வு முடிந்த அன்றிரவே, யார் என்ன செய்தார் என்பதைவிட யார் என்ன சொன்னார் என்பதை எழுதி வையுங்கள். செயல்கள் மறுநாளும் நினைவிருக்கும், சொற்கள் விடிவதற்குள் போய்விடும். எந்தப் பகடையில் எந்த எண் விழுந்தது என்பதை எழுத்தில் கொண்டுவராதீர்கள். ஆனால் பகடை கைகொடுக்காமல் தோற்ற முயற்சிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தின் மிகச் சிறந்த திருப்பங்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வந்திருக்கும். உலகம் வேறொருவருடைய உரிமையாக இருந்தால், உங்கள் குழுவுக்குள் படிப்பதற்கு எழுதுவதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. வெளியிட நினைத்தால் அந்த உலகத்தின் உரிமையாளர் வகுத்திருக்கும் விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் அத்தியாயம் முடிந்ததும் அந்தப் பாத்திரத்தை ஆடியவரிடம் படிக்கக் கொடுங்கள். அது அவர் பல மாதங்கள் தம் குரலில் பேசிய ஆள். "அந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்" என்று அவர் சொன்னால், உங்கள் வாக்கியம் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அதை அடித்துவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதுங்கள்.